கார் கேமராவுக்கு கரண்ட் எங்கேருந்து வருது?

நான் காலேஜ்ல படிச்சது எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்ல உக்காந்து இப்ப புடுங்கறது சாஃப்ட்வேர் ஆணி. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டதால, ஆபீஸ்ல எவன் கார்ல கேமரா மாட்டணும்னாலும் நேரா என் சீட்டுக்கு வந்துடறான். கேக்கற கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். 4கே வாங்கலாமா, 2கே போதுமா? நைட்ல நம்பர் பிளேட் தெரியுமா? ஜிபிஎஸ் வேணுமா? வைஃபை இருக்கா?

இத்தனை பேர்ல ஒருத்தர்கூட "இதுக்கு கரண்ட் எங்கேருந்து எடுக்கறது?"ன்னு கேட்டதில்லை. அது ஏதோ கடைக்காரப் பையன் பாத்துக்கற வேலை, கேமரா வாங்கறதுதான் நம்ம வேலைன்னு ஒரு நெனப்பு. என் கட்சி இதுக்கு நேர் எதிர். எட்டாயிரம், பத்தாயிரம் குடுத்து வாங்கற கேமரா ஒரு நாள் உதவுமா உதவாதாங்கறத முடிவு பண்றது அதோட லென்ஸ் இல்லை. மூணரை மீட்டர் வயரும், நகத்தளவு இருக்கற ஒரு ஃப்யூஸும்தான். மொக்கையா இருக்கேன்னு அடுத்த பதிவுக்குத் தாவிடாதீங்க மக்களே, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வயித்தெரிச்சல், ரெண்டும் இருக்கு.

2013 பிப்ரவரி 15ஆம் தேதி ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் ஊர் மேல விண்கல் ஒண்ணு வெடிச்சப்ப, உலகமே பாத்த வீடியோ பெரும்பாலும் கார் கேமராவுல பதிவானதுதான். அந்த வீடியோக்கள வெச்சே அந்தக் கல்லு எந்தப் பாதையில சுத்திட்டு வந்ததுன்னு விஞ்ஞானிங்க கணக்குப் போட்டாங்க. நம்ம சிடிஎச் ரோட்டுல விண்கல் எல்லாம் வேண்டாம். அம்பத்தூர் ஓ.டி. தாண்டினா ராங் சைடுல வர்ற பைக்கு, திருமுல்லைவாயல்ல நடுரோட்டுல யோசிச்சுட்டு நிக்கற எருமை, தண்ணி லாரி, இதுங்களே போதும். ஆவடி - பூந்தமல்லி ரோட்டுல ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, கேமரா வேணுமா வேணாமான்னு யார்கிட்டயும் கேக்க மாட்டீங்க.

அந்த ரோட்டுலதான் என்கூட வேலை பாக்கற ஒருத்தருக்கு ஆச்சு. ஆவடிப் பக்கம் வீடு. ஷிஃப்ட் முடிஞ்சு பூந்தமல்லில இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிட்டிருந்தார். பருத்திப்பட்டு தாண்டி கோவர்த்தனகிரி பக்கத்துல, சந்துலேருந்து வேகமா வந்த ஒரு சரக்கு வண்டி இடது பக்கக் கதவுல இடிச்சுடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை, கதவு மட்டும் உள்ள போயிடுச்சு. உடனே கூட்டம் சேந்தது. கூட்டத்துல பாதிப் பேர் வண்டிக்காரரத் தெரிஞ்சவங்க. "கார்க்காரர்தான் வேகமா வந்தாரு"ன்னு அப்பவே தீர்ப்பு ஆயிடுச்சு. இவர் தெம்பா, "கேமரா இருக்குங்க, எடுத்துப் பாத்துடலாம்"னு சொல்லி கார்டை எடுத்துப் பாத்தா, இடிக்கறதுக்கு பதினோரு நிமிஷம் முன்னாடியோட வீடியோ முடிஞ்சிருந்தது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. ரெண்டு பக்கமும் பேசி, கடைசில இவரே கைக்காசு போட்டு ரெண்டு வண்டியும் சரி பண்ணிக் குடுத்தார். கேமராவுக்கும் காசு, கதவுக்கும் காசு!

கேமரா டுபாக்கூர்னு அவர் தூக்கிப் போடப் பாத்தார். நான்தான் மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போனேன். கேமராவோட எந்தத் தப்பும் இல்லை. யூஎஸ்பி வயரோட கேமரா முனைல அளந்தா, முன் கேமரா மட்டும் ஓடும்போது 4.2 வோல்ட். பின் கேமராவும் சேந்து ஓடினா 3.8க்கும் கீழ எறங்குது. 5 வோல்ட் கேக்கற சாமானுக்கு 3.8 குடுத்தா என்ன பண்ணும்? அணைஞ்சு அணைஞ்சு எரியும். வண்டியோட சத்தத்துல அந்த 'டிங்' சத்தம் யாருக்குக் கேக்கும்?

ஏன் இப்படி ஆச்சுன்னு பாத்தா, பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதி, வேற எதுவும் இல்லை. மாட்டின கடையில ஃப்யூஸ் பாக்ஸ் பக்கத்துலயே 12 வோல்ட்டை 5 வோல்ட்டா மாத்தற பொட்டிய வெச்சுட்டு, அங்கேருந்து கண்ணாடி வரைக்கும் விலை குறைஞ்ச யூஎஸ்பி வயரை இழுத்திருக்காங்க. அந்த மாதிரி வயருக்குள்ள இருக்கறது பெரும்பாலும் 28 கேஜ் கம்பி, தலைமுடிக்கு அண்ணன். மீட்டருக்கு 0.21 ஓம். மூணரை மீட்டர் வயர்னா போக வர ஏழு மீட்டர், ஆக ஒன்றரை ஓம். ஒரு ஆம்பியர் ஓடினா ஒன்றரை வோல்ட் வழியிலயே காலி. 5ல ஒன்றரை போனா மூணரை. அவ்ளோதான் கதை.

இதையே 12 வோல்ட்டா, ஒழுங்கான 20 கேஜ் வயர்ல கண்ணாடி வரைக்கும் கொண்டுபோய், கூரைத் துணிக்கு உள்ள வெச்சு அங்க 5 வோல்ட்டா மாத்தினா, இழப்பு பத்துல ஒரு பங்கு வோல்ட்கூட வராது. கொரட்டூர் துணைமின் நிலையத்துக்கு மின்வாரியம் 230 கிலோவோல்ட்ல ஏன் கொண்டுவருது? வீட்டுக்குத் தேவையான 230 வோல்ட்லயே அங்கேருந்து அனுப்பிட வேண்டியதுதானே? அதே காரணம்தான் இதுக்கும். வோல்ட்டேஜ் ஏத்தினா கரண்ட் குறையும், கரண்ட் குறைஞ்சா வயர்ல வீணாப் போறது குறையும். ஊருக்கே தெரிஞ்ச இந்த விஷயம் காருக்குள்ள மட்டும் மறந்துபோயிடுது. சரி, அப்படி மாத்தி வைக்க வசதி இல்லையா, குறைஞ்சபட்சம் தடிமனான யூஎஸ்பி வயர் கேட்டு வாங்கலாம். விலை வித்தியாசம் ஒரு பிரியாணிகூட இல்லை.

இதுல சட்டமும் ஒண்ணு இருக்கு. மின்னணு ஆவணம் கோர்ட்ல செல்லணும்னா முன்னாடி 1872ஆம் வருஷ சாட்சியச் சட்டத்தோட 65பி பிரிவு. அந்தச் சான்றிதழ் கட்டாயம்னு 2020ல அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல உச்ச நீதிமன்றம் அடிச்சுச் சொல்லிடுச்சு. 2024 ஜூலை 1லேருந்து அதுக்குப் பதிலா பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 வந்திருக்கு, அதுல 63ஆம் பிரிவு. சான்றிதழ் படிவத்துல கோப்போட ஹேஷ் மதிப்பையும் எழுதச் சொல்றாங்க. எஸ்ஹெச்ஏ256 எல்லாம் சட்டப் புத்தகத்துல பாத்ததும் எனக்கு ஒரே புல்லரிப்பு, பொட்டி தட்றவனோட வாழ்க்கைல இதெல்லாம் அபூர்வம் :) ஆனா ஹேஷ் போடறதுக்கு முதல்ல கோப்பு இருக்கணுமே?

கோப்பு எப்படி இல்லாமப் போகும்ங்கறது நம்ம ஏரியா, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். எம்பி4 கோப்புல எந்த ஃபிரேம் எங்க இருக்குங்கற அட்டவணை ஒண்ணு இருக்கும், 'மூவ்'னு பேரு. பதிவு முடிஞ்சு கோப்பை மூடும்போதுதான் வழக்கமா அது எழுதப்படும். இடிக்கற வேகத்துல பேட்டரி வயர் கழண்டாலோ, ஃப்யூஸ் போனாலோ கேமராவுக்கு அந்த நொடியே கரண்ட் நிக்கும். அட்டவணை எழுத நேரம் இல்லை. கார்ட்ல படம் முழுக்க இருக்கும், ஆனா எந்த பிளேயரும் திறக்காது. அட்டவணை இல்லாத டெலிபோன் டைரக்டரி மாதிரின்னு சொல்லலாம், ஆனா டைரக்டரின்னா என்னன்னு இப்ப எத்தனை பேருக்குத் தெரியும்! ஆக, விபத்து நடந்த அந்த ஒரு நிமிஷம் மட்டும் போகும், மீதி எல்லா நாளும் பத்திரமா இருக்கும். கேமரா வாங்கினதே அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

இதுக்கு மருந்து, கரண்ட் போனாலும் ரெண்டு மூணு செகண்டு தாக்குப்பிடிக்கற மாதிரி கேமராவுக்குள்ளயே ஏதாவது இருக்கணும். அது லித்தியம் பேட்டரியா இருக்கலாம், சூப்பர் கெப்பாசிட்டரா இருக்கலாம். நம்ம ஊருக்கு கெப்பாசிட்டர்தான், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. 2003 மே கடைசில சென்னைல 45 டிகிரி அடிச்சது. அவ்ளோ எல்லாம் வேணாம், சாதாரண மே மாசத்துல எஸ்டேட்ல நிழல் இல்லாத இடத்துல நிறுத்தின காருக்குள்ள 60 டிகிரி சர்வ சாதாரணம், கண்ணாடில ஒட்டின கேமரா அதுக்கும் மேல. சாதாரண லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணாதேன்னு செல் தயாரிக்கறவங்களே சொல்றாங்க. ரெண்டு கோடை தாண்டினா செல் உப்பி, கேமரா ஓடு விரிஞ்சு நிக்கும். கேமரா வாங்கும்போது 4கே இருக்கான்னு பாக்கறதுக்கு முன்னாடி கெப்பாசிட்டர் இருக்கான்னு பாருங்க.

அடுத்து அந்த '12 வோல்ட்'. கார்ல 12 வோல்ட்டுங்கறது ஒரு செல்லப் பேருதான். ஆறு செல், ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட், முழு சார்ஜ்ல 12.6. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14, 14.4ன்னு ஏத்தும். செல்ஃப் அடிக்கும்போது ஒரு கணம் 9, 10னு விழும். ஓடிட்டிருக்கும்போது பேட்டரி முனை லூசாகி விட்டுப்போச்சுன்னா ஆல்டர்னேட்டர் மூச்சுவிடற மாதிரி ஒரு எகிறு எகிறும். 'லோட் டம்ப்'னு பேரு. அதைத் தடுக்க எதுவும் இல்லாத வண்டில 79லேருந்து 101 வோல்ட் வரைக்கும் போகலாம்னு ஐஎஸ்ஓ 16750 தரநிர்ணயத்துலயே சோதனை வெச்சிருக்காங்க. அது தவிர பூந்தமல்லி பைபாஸ்ல வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு லாரிக்காரர்கிட்ட ஜம்ப் கேபிள் குடுத்து உதவி கேக்கற நல்ல உள்ளங்கள் உண்டு. லாரி 24 வோல்ட்!

இருநூறு ரூபாய்க்கு விக்கற அடாப்டருக்குள்ள இருக்கற சில்லு அதிகபட்சம் 40 வோல்ட் தாங்கும். அதுக்கு முன்னாடி ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கணும். விலை குறைக்கறவன் முதல்ல புடுங்கறது அந்த டயோடைத்தான். இன்னும் சில 'நாமே செய்வோம்' வீடியோக்கள்ல ரிச்சி ஸ்ட்ரீட்ல 7805 வாங்கி மாட்டச் சொல்றாங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், வேணாம். 14.4 உள்ள வந்து 5 வெளிய போனா மீதி 9.4 வோல்ட் சூடாத்தான் போகும். ஒரு ஆம்பியருக்கு 9.4 வாட். கேமராவுக்குப் போறது 5 வாட், டேஷ்போர்டுக்குள்ள இட்லி வேகறதுக்கு 9.4 வாட்.

இப்ப என்னோட முக்கியமான சண்டைக்கு வர்றேன். ஃப்யூஸ்.

ஃப்யூஸ் எதுக்குன்னு கேட்டா பத்துல ஒன்பது பேர் "கேமராவக் காப்பாத்த"ன்னு சொல்றாங்க. இல்லைங்க. ஃப்யூஸ் காப்பாத்தறது வயரை. ஆக்சஸரீஸ் கடைல என்ன பண்றாங்கன்னா, ஸ்டீரியோவுக்குப் போற வயரையோ சிகரெட் லைட்டர் வயரையோ உரிச்சு, அதுல புது வயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுத்தி முடிச்சுடறாங்க. பத்தே நிமிஷம். லைட் எரியுது, கேமரா ஓடுது, கஸ்டமர் ஹேப்பி. அந்த வழிக்கு கம்பெனி போட்டிருக்கற ஃப்யூஸ் 15 ஆம்பியர். புதுசா முறுக்கினது தலைமுடி வயர். நேரடியா ஷார்ட் ஆனாகூடப் பரவாயில்லை, ஃப்யூஸ் போயிடும். ஆனா எங்கயோ ஒரு தகரத்துல உரசி உரசி அரைகுறையா ஒரு 10 ஆம்பியர் ஓடினா? 15 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 10 எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அது பாட்டுக்கு சும்மா இருக்கும். 28 கேஜ் வயர்ல 10 ஆம்பியர் ஓடினா மீட்டருக்கு 21 வாட் சூடு. டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கும் பஞ்சுக்கும் நடுவுல, யார் கண்ணுக்கும் படாத இடத்துல. இந்த இடத்துல 'பத்து வருஷமா இப்படித்தான் சார் மாட்றோம், ஒண்ணும் ஆனதில்லை'ன்னு சொல்ற கடைக்காரர்கிட்ட என்ன பேசறது? ஆகற வரைக்கும் எதுவும் ஆகாதுதான்.

சரியான வழி கஷ்டமே இல்லை. ஃப்யூஸ் டேப்னு ஒண்ணு கிடைக்குது, நூறு இருநூறு ரூபாய். ஃப்யூஸ் பாக்ஸ்ல ஏற்கெனவே இருக்கற ஒரு ஃப்யூஸைக் கழட்டி, அந்த இடத்துல இதைச் சொருகி, பழைய ஃப்யூஸை ஒரு பொந்துலயும் புது 2 ஆம்பியர் ஃப்யூஸை இன்னொரு பொந்துலயும் வைக்கணும். கம்பெனி வயரை ஒரு இடத்துலகூட வெட்ட வேண்டியதில்லை. சர்வீஸ் சென்டர்ல "வயர வெட்டியிருக்கீங்க, வாரண்டி கிடையாது"ன்னு சொல்ல வழியில்லை. வண்டிய விக்கும்போது புடுங்கிட்டு பழையபடி மாட்டிக்கலாம். ஃப்யூஸ் சைஸ் வண்டிக்கு வண்டி மாறும், சின்னது, அதவிடச் சின்னது, குட்டைன்னு நாலஞ்சு வகை இருக்கு. அளவு பாத்து வாங்கணும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃப்யூஸ் பக்கம் மட்டும் போகக்கூடாது. பின் வைப்பர், ஸ்டீரியோ மாதிரி உயிர் போகாத சமாச்சாரங்கள்ல வெச்சுக்கணும். எர்த்தை பாடில இருக்கற போல்ட்ல குடுக்கணும், நேரா பேட்டரி நெகட்டிவ்ல குடுக்காதீங்க. புது வண்டி நிறையத்துல அந்த முனைல பேட்டரி சென்சார் உக்காந்திருக்கு, அதத் தாண்டிப் போற கரண்ட் அதோட கணக்குல வராது.

வயரை மேல கொண்டுபோகும்போது முன் தூண்ல கர்ட்டன் ஏர்பேக் இருக்கற வண்டின்னா, அந்தப் பைக்குப் பின்பக்கமா போகணும். முன்பக்கமா போட்டா பை விரியும்போது வயரும் சேந்து மூஞ்சிக்கு வரும். மஞ்சக் கலர் கனெக்டர் எங்க பாத்தாலும் கையை எடுத்துடுங்க.

இவ்வளவும் வேணாம்பா, சாக்கெட்ல சொருகிக்கறேன்னு சொல்றீங்களா? தாராளமா. உண்மையச் சொன்னா முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்ற யோசனையே அதான். நல்ல அடாப்டர், நல்ல வயர், சாக்கெட். பாக்க அழகா இருக்காது, வயர் தொங்கும். ஆனா வெட்டு, முறுக்கு, டேப் எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கணும். சில வண்டில சாவி எடுத்தா சாக்கெட் அணையும், சில வண்டில எப்பவுமே உயிரோட இருக்கும். உங்க வண்டி எந்த ஜாதின்னு போன் சார்ஜர் சொருகிப் பாத்தா தெரிஞ்சுடும். ஸ்டீரிங்குக்குக் கீழ இருக்கற ஓபிடி முனைலேருந்து கரண்ட் எடுக்கற வயரும் விக்கறாங்க. அது சர்வீஸ்காரங்க வண்டியோட கம்ப்யூட்டரோட பேசற வாசல். அதுல ஊர் பேர் தெரியாத சாமானை நிரந்தரமா சொருகி வைக்க எனக்கு மனசு வரலை.

இனி பார்க்கிங் மோட். வண்டி நிக்கும்போதும் கேமரா ஓடும், எவனாவது உரசிட்டுப் போனா பதிவாகும். கேக்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் பாருங்க. சின்னக் கார் பேட்டரி 35 ஆம்பியர் அவர். கேமரா 5 வாட், மாத்தறதுல போற இழப்பையும் வண்டியோட சொந்தச் செலவையும் சேத்து பேட்டரிலேருந்து அரை ஆம்பியர்னு வெச்சுக்குவோம். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வண்டிய நிறுத்தறோம். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு எடுக்கறோம். 60 மணி நேரம். 30 ஆம்பியர் அவர் காலி. மிச்சம் இருக்கற அஞ்சுல செல்ஃப் அடிக்குமா? நூறு ஆம்பியருக்கு மேல கேக்கற மோட்டார் அது. 'டிக் டிக்'னு ரெண்டு சத்தம் குடுத்துட்டு படுத்துடும்.

"அதுக்குத்தான் லோ வோல்ட்டேஜ் கட் ஆஃப் இருக்கே"ன்னு கேக்கலாம். இருக்கு. 11.6லேருந்து 12.4 வரைக்கும் வெச்சுக்கலாம்னு அட்டைப்பொட்டில போட்டிருக்கும். 11.6னா பேட்டரி கிட்டத்தட்ட செத்த பிறகு பால் ஊத்தற மாதிரி. 12.2 வெச்சா சுமார் பாதி சார்ஜ்ல நிறுத்தும். சரி, பாதின்னா 17 ஆம்பியர் அவர், 34 மணி நேரம். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு கேமரா தூங்கப் போயிடும். உரசறவன் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறப்பதான் உரசுவான் :) இதுல இன்னொரு வயித்தெரிச்சல். கார் பேட்டரி ஒரு நொடி நிறையக் குடுத்துட்டு உடனே நிரம்பிக்கறதுக்காக மெல்லிய தகடு வெச்சுச் செஞ்சது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி தினம் பாதி வரைக்கும் எறக்கினா அதோட ஆயுசு மளமளன்னு போயிடும். போன 17ஐ திரும்ப நிரப்ப குறைஞ்சது ரெண்டு மணி நேரமாவது ஓட்டணும். வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஆபீஸ், அதுவும் ஆவடிலேருந்து அம்பத்தூருக்கு அரை மணி நேரம்னு ஓட்டற நம்ம ஆளுங்க வண்டி என்னைக்கு நிரம்பும்? ஒரு காரோட கீறலைக் கண்டுபிடிக்க வருஷத்துக்கு ஒரு பேட்டரி பலி குடுக்கறது என்ன கணக்கு?

எலெக்ட்ரிக் கார் வெச்சிருக்கறவங்க சிரிக்க வேணாம். பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்லயும் கேமராவுக்குக் கரண்ட் போறது தனியா இருக்கற சின்ன 12 வோல்ட் பேட்டரிலேருந்துதான். அது செத்தா, கீழ இருக்கற பெரிய பேட்டரி நிறைஞ்சு வழிஞ்சாலும் வண்டி கண்ணத் தொறக்காது.

இதுக்கு எதிர்க்கட்சி நியாயமும் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க தெருவுலயே பாதி வீட்டுக்கு கார் ஷெட் கிடையாது. தெருவுல நிறுத்தற வண்டிய தினம் ஒருத்தர் உரசறாங்க, குப்பை வண்டி, கேன் தண்ணி ஆட்டோ, ஸ்கூல் வேன்னு வரிசையா. அவங்களுக்கு பார்க்கிங் பதிவு வேணும்தான். அப்படின்னா ரெண்டு வழி. ஒண்ணு, ஆட்டம் உணர்ந்தா மட்டும் முழிச்சுக்கற கேமரா. மத்த நேரம் சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். முழிக்க ஒண்ணு ரெண்டு செகண்டு ஆகும், ஆனா இடிச்சவர் எறங்கிப் பாத்துட்டு நைசா கெளம்பற வரைக்கும் நேரம் இருக்கு. இன்னொண்ணு, ஓடும்போது மட்டும் நிரம்பற தனி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, சீட்டுக்கு அடியில. விலை கேமராவ விட அதிகமா இருக்கும், ஆனா செல்ஃப் பேட்டரி பக்கமே போகாது. மூணாவதா ஒரு யோசனை, வீட்டு வாசல்ல தெருவப் பாத்து ஒரு கேமரா. மின்வாரியக் கரண்ட், பேட்டரி தொல்லையே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் தெரியாத மாதிரி திருப்பி வைங்க, இல்லைன்னா வேற சண்டை வரும்.

எப்பவும் உயிரோட இருக்கற வயருக்கு இன்னொரு ஆபத்தும் நம்ம பக்கம் உண்டு, தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நின்ன தண்ணி ஞாபகம் இருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழ, கால் வைக்கற இடத்துல டேப் சுத்தின ஜாயிண்ட்டு. அதுல 12 வோல்ட். மேல அழுக்குத் தண்ணி. ஒரே ராத்திரில தாமிரம் பச்சையாயிடும். சாவி எடுத்தா அணையற வழியா இருந்தா இவ்ளோ சேதம் ஆகாது.

கடைக்காரங்களத் திட்டறேன்னு நினைக்க வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுலேருந்து நம்ம பாடி வரைக்கும் எந்தக் கடைல கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், "சார், ஃப்யூஸ் டேப் போட்டா நானூறு ரூபா சேத்துக் கேக்கணும், பக்கத்துக் கடைல இலவசமா மாட்டித் தர்றான்". தப்பு கேமராவுக்கு பத்தாயிரம் குடுத்துட்டு ஃபிட்டிங் ஃப்ரீயான்னு கேக்கற நம்ம மேலதான். பாடி, கொரட்டூர் பக்கம் பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சிலர் இன்னும் இருக்காங்க. 1960களோட தொடக்கத்துலேருந்து பாடில லூகாஸ் டிவிஎஸ் ஆலை செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செஞ்சுட்டு வர்ற ஊர், அதைச் சுத்தி வளந்த கைங்க. அப்படி ஒருத்தர்கிட்டதான் அந்த ஆவடி நண்பரோட வண்டிய விட்டோம். கேமராவ அவர் பாக்கவே இல்லை. முதல்ல பேட்டரி முனையக் கையால ஆட்டிப் பாத்தார்.

"தம்பி, இந்த முனையே லூசு. கேமராவுக்கு அப்புறம் பாப்போம்."

"அண்ணே, எவ்ளோ ஆகும்?"

"வயரு, ஃப்யூஸ் நீ வாங்கிட்டு வந்துட்ட. கூலி ஐநூறு குடு. சீட்டு, பேனல் எல்லாம் கழட்டணும், ரெண்டு மணி நேரம் ஆவும். அவசரம்னா வேற ஆளப் பாத்துக்க."

ரெண்டே கால் மணி நேரம் ஆச்சு. ஒவ்வொரு ஜாயிண்ட்டும் பத்தவெச்சு, மேல சுருங்கற குழாய் போட்டு, கதவு திறந்து மூடினா உரசாத மாதிரி கட்டி முடிச்சார். கேமரா முனைல அளந்தோம், ரெண்டு கேமராவும் ஓடும்போது 5.05 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போதும் அசையலை. வண்டிய ஓடவிட்டு ஃப்யூஸைப் புடுங்கிப் பாத்தோம், கெப்பாசிட்டர் புண்ணியத்துல கடைசிக் கோப்பும் ஒழுங்கா திறந்தது. உங்க வண்டில இந்த ஒரு சோதனையை மட்டும் பண்ணிப் பாருங்க. பதிவு ஓடிட்டிருக்கும்போது சட்டுன்னு கேமரா வயரைப் புடுங்குங்க, கார்டை லேப்டாப்ல போட்டு கடைசிக் கோப்பு திறக்குதான்னு பாருங்க. என்ன வந்ததுன்னு எந்தக் கேமரான்னு சேத்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

கொசுறு 1: கேமரா மாட்டின அப்புறம் ரெயின்போ 101.4ல கரகரன்னு சத்தம் வருதா? ரேடியோ மேல சந்தேகப்படாதீங்க. அடாப்டர் மலிவு சரக்கு, அதுக்குள்ள இருக்கற ஸ்விட்ச்சிங் சத்தம்தான் ஏரியல்ல ஏறுது. ஜிபிஎஸ் சிக்னல் பிடிக்க நேரமாகறதுக்கும் அதே காரணமா இருக்கலாம்.

கொசுறு 2: ஆவடி டேங்க் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டையர் ஆன எங்க பக்கத்து வீட்டு மாமா இதைக் கேட்டுட்டு, "எங்க வண்டில எல்லாம் 24 வோல்ட்டுப்பா, உன் கேமரா ஒரு செகண்டு தாங்காது"ன்னார். 12லயும் 24லயும் ஓடற அடாப்டர் இருக்கு மாமான்னேன். "அப்ப டேங்க்ல மாட்டலாம்ங்கற?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியலை, காபி வந்துடுச்சு :)